ஒரு சத வரியும் வயோலா டெஸ்மன்டும்

உங்கள் பெற்றோரிடம் பத்து டொலர் தாள் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 2018ஆம் ஆண்டு நவம்பரில் புழக்கத்துக்கு வந்த தாளாயின் அது நெடுக்காக அமைந்திருக்கும். அதில் கறுப்பினப் பெண்மணி ஒருவரின் முகத்தைக் காண்பீர்கள். நாள்தோறும் புழங்கும் கனடியத் தாளொன்றில் தனித்து இடம்பெற்ற முதலாவது கனடியப் பெண்மணி இவரே. ஒரு சத வரியை ஏய்த்தார் எனக் கூறி, இதே நாட்டின் நீதிமன்றம் ஒன்று இவரைக் குற்றவாளியாகத் தீர்த்தது.

வயோலா 1914ஆம் ஆண்டு யூலை 6ஆம் நாள் நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் ஹலிபக்ஸ் நகரிற் பிறந்தார். தந்தையார் கறுப்பினத்தவர், தாயார் வெள்ளையினத்தவர். கறுப்பினப் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்ட பள்ளிகளில் இவர் சிலகாலம் ஆசிரியையாகப் பணிபுரிந்தார். எனினும் இவரது உள்ளம் சிகை அலங்காரக் கலையையே நாடியது. ஹலிபக்ஸ் நகரில் அக்கலையைப் பயிற்றிய நிலையங்கள் கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே மொன்றியலுக்கும் பின்னர் ஐக்கிய அமெரிக்காவுக்கும் சென்று கற்றுத் திரும்பினார். 1937இல் சொந்தமாக அழகு நிலையம் ஒன்றைத் திறந்தார். அதன்பின், தமக்கு மூடப்பட்ட கதவு பிறருக்கும் மூடியிருத்தல் ஆகாது என எண்ணினார் போலும், கறுப்பின இளம் பெண்களுக்கென ஒரு பயிற்சிப் பள்ளியையும் நிறுவினார். முகப்பூச்சு வகைகளைத் தாமே தயாரித்து விற்கவும் செய்தார்.

1946ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் தொழில் நிமித்தம் சிட்னி என்னும் ஊருக்குத் தனியே காரிற் புறப்பட்டார். வழியில் நியூ கிளாஸ்கோ நகரிற் கார் பழுதடைந்தது. மறுநாளே திருத்தித் தர முடியும் என்றனர். பொழுதைப் போக்க ரோஸ்லாண்ட் என்னும் படமாளிகைக்குச் சென்றார். கிட்டப்பார்வை உடையவராதலின் கீழ்த்தளத்துக்கு அனுமதிச்சீட்டு வேண்டினார். கொடுக்கப்பட்டதோ மேல்மாடச் சீட்டு. அதனை அறியாது கீழே சென்று அமர்ந்தார். பணியாள் வந்து சொல்லவே, சீட்டு விற்குமிடத்துக்குத் திரும்பி, மேலதிகக் கட்டணத்தைச் செலுத்துவதாகக் கூறினார். இவரைப் போன்றோருக்குக் கீழ்த்தளச் சீட்டு விற்பதில்லை என்ற விடையே கிடைத்தது. அப்போதுதான் காரியம் யாதென அவருக்கு விளங்கிற்று. மீண்டும் சென்று கீழ்த்தளத்திலேயே அமர்ந்தார்.

முகாமையாளர் பொலிசாரை அழைத்தார். வயோலாவை அவர்கள் இழுத்துச் சென்றதில் அவரது இடுப்பில் அடிபட்டது. அன்றிரவைச் சிறைக்கூடத்திற் கழித்தார். வெண்ணிறக் கையுறையைக் கழற்றாமல், விடியும்வரை நிமிர்ந்தே அமர்ந்திருந்தாராம்.

படமாளிகைகளில் இனவாரியாகப் பிரிந்து அமரவேண்டும் எனக் கட்டளையிடும் சட்டம் எதுவும் அம்மாகாணத்தில் இருக்கவில்லை. அது எழுதப்படாத வழக்கம். அவ்வாறாயின் எச்சட்டத்தின் கீழ் தண்டிப்பது? கேளிக்கை வரிச் சட்டம் கைகொடுத்தது. மேல்மாடச் சீட்டுக்கு வரி 2 சதம், கீழ்த்தளச் சீட்டுக்கு 3 சதம். ஆகவே அரசுக்கு 1 சதம் நட்டமாம்! மேலதிகக் கட்டணத்தைச் செலுத்த அவர் முன்வந்ததும், அதனை வாங்க மறுத்தவர்கள் எவர் என்பதும் கணக்கில் எடுக்கப்படவில்லை. மறுநாட் காலை, சட்டத்தரணி எவரும் இன்றி நின்ற அவருக்கு நீதவான் 20 டொலர் தண்டப்பணமும் 6 டொலர் செலவுத் தொகையும் விதித்தார். அவ்விசாரணையில் நிறம் என்ற சொல்லே எழவில்லை. இழிசொல் ஒன்றும் கூறாமல், சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஒருவரை ஒதுக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

வீடு திரும்பியபோது கணவர், இறைவனிடம் முறையிட்டுவிட்டு இதனை மறந்துவிடலாம் என்றே கருதினார். அவரைக் குறைகூற மனம் வரவில்லை. நம் இல்லங்களிலும் அத்தகைய பேச்சை நாம் கேட்டதுண்டு அல்லவா? வயோலாவின் இளைய தங்கை வண்டா, அக்காள் சிறைக்குச் சென்றது குறித்து அக்காலத்தில் தாம் வெட்கப்பட்டதாகப் பிற்காலத்தில் ஒளிக்காது கூறியிருக்கிறார். ஆனால் தேவாலயத்தைச் சேர்ந்த பேர்லீன் ஒலிவர் போன்றோர் துணைநின்று நிதி திரட்டினர். கரி பெஸ்ட் அம்மையார் தாம் நடத்திய 'கிளாரியன்' பத்திரிகையில் இச்செய்தியை முதற்பக்கத்தில் வெளியிட்டார். அதே படமாளிகையில் அவரும் முன்னர் வெளியேற்றப்பட்டு, வழக்குத் தொடுத்துத் தோற்றவர்.

மேல் நீதிமன்றத்திலும் நீதி கிட்டவில்லை. உரிய காலத்தில் உரிய முறையில் மேன்முறையீடு செய்யவில்லை எனக் கூறி, 1947இல் மனுவைத் தள்ளினர். நீதியரசர்களுள் ஒருவர் மட்டும், முகாமையாளரின் நோக்கம் உண்மையில் ஒரு சதந்தானா, அன்றிப் பொதுச் சட்டத்தின் மறைவில் நிறப்பாகுபாட்டை நிலைநாட்டுவதா என ஐயுற்றார். ஆயினும் அவரும் மனுவைத் தள்ளியே தீர்ப்பளித்தார்! சட்டத்தரணி பிசெட் தமக்குரிய ஊதியத்தைப் பெறாமையால், திரட்டிய நிதி தொடர்ந்து உரிமைப் பணிக்கே பயன்பட்டது.

வயோலாவின் மணவாழ்வு முறிந்தது. அவர் ஹலிபக்ஸை விட்டு மொன்றியலுக்கும் பின்னர் நியூயோர்க்குக்கும் சென்றார். 1965ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆம் நாள், ஐம்பதாவது வயதில், அந்நகரிற் காலமானார். அப்போது அவர் குற்றவாளி என்ற பதிவு அழியாமலே இருந்தது.

முன்னர் வெட்கப்பட்ட அதே வண்டா, எழுபது வயதைக் கடந்தபின் பல்கலைக்கழகம் புகுந்து, 2004இல் பட்டம் பெற்றார். அக்காளின் கதையைப் பள்ளி பள்ளியாகச் சென்று கூறினார். 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் நோவா ஸ்கோஷியா அரசு மன்னிப்புக் கோரியது. வயோலா குற்றமற்றவர் என்பதை ஏற்கும் முழு மன்னிப்பும் வழங்கப்பட்டது. இறந்த ஒருவருக்குக் கனடாவில் இத்தகைய மன்னிப்பு அளிக்கப்பட்டது அதுவே முதன்முறை. அதிற் கையொப்பமிட்ட துணை ஆளுநர் மேயான் பிரான்சிஸ் அம்மையாரும் கறுப்பினத்தவரே.

ஆயினும் ஒரு கணக்கு எஞ்சியிருந்தது. வயோலா செலுத்திய அந்த 26 டொலரை எவரும் திருப்பிக் கொடுக்கவில்லை! ஒன்ராறியோவைச் சேர்ந்த பள்ளி மாணவி ஒருவர் இதனைச் சுட்டிக்காட்டி நோவா ஸ்கோஷியா அரசுக்கு எழுதினார். 2021ஆம் ஆண்டு பெப்ரவரியில் அவ்வரசு, அத்தொகையின் இக்கால மதிப்பைக் கணக்கிட்டு, அதனை ஆயிரம் டொலராக உயர்த்தி, தொண்ணூற்று நான்கு வயதை எட்டியிருந்த வண்டாவிடம் அளித்தது. தாம் முதுமையிற் கற்ற கேப் பிரெட்டன் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஒருவரின் கல்விக்கு உதவித்தொகையாக அதனை அவர் வழங்கினார்.