நூல்களையும் ஆசானாகக் கொண்டவர்

தற்காப்புக் கலை என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருபவர் புரூஸ் லீ. மின்னலெனப் பாயும் அவருடைய கைகளையும் கால்களையும் திரையில் கண்டு வியந்தவர்கள் கோடிப்பேர். ஆனால், அந்தக் கைகள் ஏராளமான நூல்களையும் புரட்டிய கைகள் என்பதைப் பலர் அறியார். அவருடைய வீட்டு நூலகத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் இருந்தன.

புரூஸ் லீ 1940ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே பெற்றோருடன் ஹாங்காங் சென்று அங்கேயே வளர்ந்தார். பதின்ம வயதில் இப் மேன் என்னும் ஆசானிடம் விங் சுன் கலையைப் பயிலத் தொடங்கினார். 1959ஆம் ஆண்டில், தம் பதினெட்டாம் வயதில், கப்பலேறி மீண்டும் அமெரிக்கா சென்றார். சியாட்டல் நகரில் ஓர் உணவகத்தில் வேலை செய்துகொண்டே படித்தார். பின்னர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

விங் சுன் கலையை முழுமையாகக் கற்று முடிக்கும் முன்பே அவர் ஆசானைப் பிரிய நேர்ந்தது. ஆசானோ கடலுக்கு அப்பால் இருந்தார். அந்தக் குறையை நிரப்ப நூல்கள் அவருக்குத் துணை நின்றன. குத்துச்சண்டை, வாள்வீச்சு, மல்யுத்தம், ஜூடோ, தத்துவம் எனப் பல துறை நூல்களை அவர் தேடித் தேடி வாங்கினார். படிக்கும்போது முக்கிய வரிகளை அடிக்கோடிட்டார். பக்க ஓரங்களில் தம் கருத்தை எழுதினார். பிறகு, படித்ததைப் பயிற்சிக் களத்தில் செய்து பார்த்தார். பயன்பட்டதை ஏற்றார், பயன்படாததை விலக்கினார்.

1964ஆம் ஆண்டின் இறுதிவாக்கில் ஓக்லண்ட் நகரில் மற்றொரு குங் ஃபூ வீரருடன் அவர் மோதினார். அந்தச் சண்டை அவரை மூச்சிரைக்க வைத்தது. தம் கலையிலும் உடல் வலிமையிலும் குறை இருப்பதை அவர் உணர்ந்தார். அதன்பின் அவருடைய தேடல் இன்னும் தீவிரமானது. வாள்வீச்சு வீரர்கள் வலிமை மிக்க கையையே முன்னால் வைத்து நிற்பார்கள். எதிரியின் தாக்குதலைத் தடுத்துவிட்டுத் திருப்பித் தாக்குவதைவிட, அவர் தாக்கத் தொடங்கும் கணத்திலேயே முந்திக்கொண்டு தாக்குவது அவர்களுடைய உத்திகளுள் ஒன்று. இவற்றை வாளில்லாத சண்டைக்கும் புரூஸ் லீ பொருத்திப் பார்த்தார். 1967ஆம் ஆண்டில் தம் முறைக்கு அவர் சூட்டிய ஜீத் குன் டோ என்னும் பெயருக்கே இடைமறிக்கும் கைமுட்டியின் வழி என்றுதான் பொருள்.

1970ஆம் ஆண்டில் அவருக்குப் பெரும் சோதனை வந்தது. உடலைப் போதிய அளவு தயார்ப்படுத்தாமல் ஏறத்தாழ 57 கிலோகிராம் எடையைத் தோளில் சுமந்து குனிந்து நிமிர்ந்தபோது, முதுகின் அடிப்பகுதியில் நரம்பு பாதிக்கப்பட்டது. இனிக் குங் ஃபூ செய்யவே முடியாது என்று மருத்துவர்கள் கூறினர். பாடம் நடத்த முடியாததால் வருமானம் தடைப்பட்டது. வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள். மனைவி லிண்டா வேலைக்குச் செல்ல வேண்டியதாயிற்று.

உதைக்கவும் பாயவும் பழகிய உடல் பல மாதங்கள் படுக்கையில் கிடந்தது. எனினும், அவருடைய கற்றல் நிற்கவில்லை. நூல்களை மீண்டும் மீண்டும் படித்தார். அவற்றில் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் நூல்களும் இருந்தன. தாம் படித்தவற்றையும் அனுபவத்தில் கண்டவற்றையும் ஒப்பிட்டு, குறிப்பேடுகளை எழுதி நிரப்பினார். உடல் மெல்லத் தேறியதும் படிப்படியாகப் பயிற்சிக்குத் திரும்பினார். முதுகுவலி அவரை இறுதிவரை விடவில்லை. ஆயினும், அவருக்கு உலகப் புகழைத் தேடித் தந்த திரைப்படங்கள் யாவும் அதன் பிறகு நடித்தவையே.

அந்தக் குறிப்புகளை நூலாக வெளியிட அவர் தயங்கினார். படிப்பவர்கள் அவற்றை மாறாத விதிகளாகக் கருதி, சொந்தமாகச் சிந்திப்பதை நிறுத்திவிடுவார்களோ என்பதே அவருடைய கவலை. 1973ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள், தம் 32ஆம் வயதில், அவர் ஹாங்காங்கில் காலமானார். அவருடைய குறிப்புகள் தொகுக்கப்பட்டு 1975ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. இன்றும் தற்காப்புக் கலை பயில்வோர் பலர் அந்நூலைப் படிக்கின்றனர்.

நூலைப் படித்தால் மட்டும் யாரும் வீரராகிவிட முடியாது. வியர்வை சிந்திப் பயில்வதற்கு ஈடான நூல் எதுவும் இல்லை. ஆனால், ஆசான் அருகில் இல்லாதபோதும் உடல் ஒத்துழைக்காதபோதும் கற்றலைத் தொடர நூல்கள் கைகொடுக்கும். படித்ததைச் செய்து பார்ப்பதும், செய்ததைச் சிந்தித்துப் பார்ப்பதும் ஒருவரை உயர்த்தும் என்பதற்குப் புரூஸ் லீயின் வாழ்க்கை சான்றாக விளங்குகிறது.