டாக்டர் ஹென்ச்சும் கார்ட்டிஸோனும்

நோயாளியின் மகிழ்ச்சியும் வைத்தியரின் நம்பிக்கையும் மட்டும் ஒரு மருந்துக்குப் போதிய சாட்சியமாகா. இதற்கு டாக்டர் பிலிப் ஹென்ச்சின் சரித்திரத்தினும் சிறந்த உதாரணம் நாம் அறியோம்.

1896-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்த ஹென்ச், ராச்செஸ்டரிலுள்ள மேயோ வைத்தியசாலையில் முடக்குவாத நோயாளிகளின் பொருட்டே உழைத்தார். 1929-இல் அந்நோயாளி ஒருவர்க்கு மஞ்சட்காமாலை காணவே, மூட்டுவலி தணிந்ததைக் கவனித்தார். கர்ப்பிணிகளிடமும் அவ்விதமே கண்டார். தேகத்திலேயே ஏதோவொரு வஸ்து இந்நோயைத் தணிக்கிறதென ஊகித்து, ரசாயன நிபுணர் கெண்டலுடன் பல்லாண்டு ஆராய்ந்தார். 1948 செப்டம்பரில் கார்ட்டிஸோன் ஊசி பெற்ற முதல் நோயாளி சில தினங்களிலேயே எழுந்து நடமாடினார். 1950-இல் கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகியோருடன் நோபல் பரிசும் கிடைத்தது.

உலகம் வியந்து நின்ற அவ்வேளையில், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலும் நஃபீல்டு ஸ்தாபனமும் சேர்ந்து ஒரு சோதனை நடத்தின. நோயின் ஆரம்ப நிலையிலிருந்த 61 பேரைத் திருவுளச்சீட்டுப் போன்ற முறையில் இரு பிரிவாக்கி, ஒன்றிற்குக் கார்ட்டிஸோனும் மற்றதற்கு மலிவான ஆஸ்பிரினும் அளித்தன. 1954-இல் முடிவு வெளியாயிற்று: ஓராண்டுக்குப் பின் இரண்டிற்கும் பெரிய வித்தியாசமில்லை!

இதனால் ஹென்ச்சின் புகழ் குன்றவில்லை. கார்ட்டிஸோன் நோயைத் தணிக்குமேயன்றி வேரறுக்காதென அவரே எச்சரித்திருந்தார். 1965-இல் அவர் காலமானார். இன்றும் அவ்வின மருந்துகள் அளவறிந்து, பிற மருந்துகளுக்குத் துணையாக வழங்கப்படுகின்றன. மேதையின் மருந்தையும் சோதித்தே ஏற்பது மேதைக்கு இழைக்கும் அவமதிப்பன்று. நோயாளிக்குச் செய்யும் நீதியென்றே நாம் கொள்கிறோம்.