ஆற்று மீன்களுக்காகப் பேசிய மருத்துவர்

பிரான்சிஸ் டே 1829ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் இங்கிலாந்தின் சசெக்ஸ் வட்டாரத்திலுள்ள மேர்ஸ்பீல்டு என்னும் ஊரில் பிறந்தார். இலண்டனில் மருத்துவம் பயின்ற இவர், 1852ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணப் படையில் மருத்துவராகச் சேர்ந்தார்.

இளமையிலிருந்தே இவருக்கு இயற்கையின்மீது பேரார்வம் இருந்தது. கொச்சியில் பணியாற்றிய காலத்தில் அந்த ஆர்வம் மீன்களின் பக்கம் திரும்பியது. ஆறும் கடலும் கலக்கும் அப்பகுதியில் மீன்களுக்குப் பஞ்சமில்லை. நோயாளிகளைக் கவனித்த நேரம் போக, எஞ்சிய நேரத்தில் மீன்களைச் சேகரித்தார். அவற்றின் நீளத்தை அளந்தார். துடுப்பு முள்களையும் செதில்களையும் எண்ணிக் குறித்துக்கொண்டார். அதன் பயனாக, மலபார் மீன்களைப் பற்றிய இவரது நூல் 1865ஆம் ஆண்டு வெளிவந்தது.

அக்காலத்தில் தென்னிந்திய ஆறுகளின் குறுக்கே பாசனத்திற்காகப் பல அணைகள் எழுந்திருந்தன. அவற்றால் பயிர் செழித்தது. ஆனால், மீன்களின் வழி அடைபட்டது. உள்ளம் என்று தமிழர் அழைக்கும் மீன் கடலில் வாழ்வது. முட்டையிடுவதற்காக மட்டும் ஆற்றை எதிர்த்து நீந்தி மேலே வருவது. கொள்ளிடம் போன்ற ஆறுகளில் அணைகள் அதனைத் தடுத்தன. அணைகள் பல கட்டிய பொறியாளர் ஆர்தர் காட்டனே 1867ஆம் ஆண்டு இச்சிக்கலை அரசாங்கத்தின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். இதனை ஆராயும் பொறுப்பு டேயிடம் வந்தது. பின்னர், 1871ஆம் ஆண்டு இந்திய மீன்வளத்துறையின் தலைமை ஆய்வாளராக இவர் நியமிக்கப்பட்டார்.

டே இந்தியாவிலும் பர்மாவிலும் நெடுந்தூரம் பயணம் செய்தார். ஆறுகளையும் வயல்களையும் சந்தைகளையும் நேரில் பார்வையிட்டார். மாவட்ட அதிகாரிகளிடம் கேள்விகள் அனுப்பி விடை பெற்றார். இவர் கண்டறிந்த உண்மைகள் கவலையளித்தன. வயல்களில் நீர் வடியும் இடங்களில் பொறிகள் வைத்து மீன் குஞ்சுகளைக் கூடை கூடையாக அள்ளினர். கொசுவலைபோல் கண் சிறுத்த வலைகளைப் பயன்படுத்தினர். சில இடங்களில் ஆற்றில் நஞ்சைக் கலந்தும் மீன் பிடித்தனர்.

மீன் குஞ்சுகளைப் பிடிப்பது ஏன் பெருங்கேடாகும்? ஒரு மீனின் நீளம் இரு மடங்கானால், அதன் எடை ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. இன்று பிடிபடும் கைப்பிடிக் குஞ்சுகள் வளர்ந்திருந்தால், நாளை பல குடும்பங்களுக்கு உணவாகியிருக்கும். அதுமட்டுமன்று. நன்கு வளர்ந்து கொழுத்த தாய்மீனே மிகுதியாக முட்டையிடும். பெரிய உள்ளம் மீன் இலட்சக்கணக்கான முட்டைகளைச் சுமக்கும். ஒருமுறைகூட முட்டையிடாத மீன்களையே தொடர்ந்து பிடித்தால், ஆறு விரைவில் வெறுமையாகிவிடும்.

டே தம் அறிக்கையை 1873ஆம் ஆண்டு வெளியிட்டார். வலைக்கண்ணுக்குக் குறைந்தபட்ச அளவு வேண்டும். அணைகளில் மீன்கள் ஏறிச் செல்ல வழி அமைக்க வேண்டும். நீரில் நஞ்சு கலப்பதைத் தடை செய்ய வேண்டும் என்று அதில் பரிந்துரைத்தார். எனினும், அரசாங்கம் தயங்கியது. கட்டுப்பாடுகள் விதித்தால் ஏழை மீனவர்களின் அன்றாட வருவாய் பாதிக்கப்படும் என்று அதிகாரிகள் பலர் கருதினர். அவர்களது கவலையிலும் நியாயம் இருந்தது. ஆயினும், குஞ்சுகள் அழிந்தால் அதே மீனவர்களின் பிள்ளைகளுக்குத் தொழிலே இராது என்பதே டேயின் நிலைப்பாடு.

தயக்கத்தைக் கண்டு இவர் சோர்ந்து அமர்ந்துவிடவில்லை. 1875 முதல் 1878 வரை இந்திய மீன்களைப் பற்றிய தமது பெருநூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். ஒவ்வொரு மீனின் உருவம், வாழிடம், அது எட்டும் நீளம் ஆகியவற்றை அந்நூல் விளக்குகிறது. மீன்களுக்குத் தமிழ், தெலுங்கு, மலையாளம் முதலிய மொழிகளில் வழங்கும் பெயர்களையும் டே அதில் சேர்த்தார். மக்கள் நாவில் வழங்கிய அப்பெயர்கள் இவ்வாறு அறிவியல் நூலில் இடம்பெற்றன.

1877ஆம் ஆண்டு ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பிய பின்னரும் டே ஆய்வை நிறுத்தவில்லை. பிரிட்டன், அயர்லாந்து மீன்களைப் பற்றியும் நூல்கள் எழுதினார். 1889ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் செல்ட்டன்ஹாம் நகரில் காலமானார்.

இவர் மறைந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டம் இயற்றப்பட்டது. வெடிவைத்தும் நஞ்சிட்டும் மீன் பிடிப்பதை அது குற்றமாக்கியது. வலைக்கண்ணின் அளவை வரையறுக்கும் அதிகாரத்தையும் மாகாண அரசுகளுக்கு வழங்கியது. ஆனால், எல்லாத் தீங்கையும் அச்சட்டத்தால் தடுக்க இயலவில்லை. 1934ஆம் ஆண்டு மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபின், காவிரியில் ஏறிவரும் உள்ளம் மீன்கள் பெரிதும் அருகிப்போயின.

இன்றும் ஆற்று மீன்களை ஆராய்வோர் நீளத்தை அளந்து, எடையை நிறுத்து, இரண்டையும் ஒப்பிடுகின்றனர். நீளத்திற்கேற்ற எடை இல்லாத மீன், அந்த ஆற்றில் இரை குறைந்ததையோ நீர் கெட்டதையோ உணர்த்தலாம். ஆற்றின் நலத்தை அறிய மீனைக் கூர்ந்து நோக்க வேண்டும் என்பதற்கு டேயின் வாழ்க்கை சிறந்த சான்றாகும்.