ருடால்ஃப் விர்ச்சோ

உயிரணுக் கொள்கையைப் படிக்கும்போது ருடால்ஃப் விர்ச்சோ என்ற பெயரை நாம் சந்திக்கிறோம். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். அப்பெரியாரின் பணிகளுள் நான் பெரிதும் மதிப்பது, நான் படித்த பாடநூலில் இடம்பெறாத வேறொன்று.

விர்ச்சோ 1821 அக்டோபர் 13-ஆம் நாள் பொமரேனியாவிலுள்ள ஷிவல்பைன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. 1843-இல் பெர்லினில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1848-இல் மேல் சைலீசியாவில் டைஃபஸ் காய்ச்சல் மக்களை வாரிக்கொண்டு போனது. காரணத்தை ஆராய்ந்து வரப் பிரஷ்ய அரசு அவரை அனுப்பியது. நோயின் வேர் வறுமையும் கல்லாமையுமே என்று அவர் அறிக்கை தந்தார். கல்வியும் உரிமையும் நல்வாழ்வும்தான் அதற்கு மருந்து என்றார். அரசுக்கு இது இனிக்குமா? அவ்வாண்டுப் புரட்சியிலும் பங்கு கொண்டவர், பெர்லினில் நிலைக்க முடியாமல் 1849-இல் வூர்ட்ஸ்பர்க் நகருக்குச் சென்றார். 1856-இல் பெர்லின் அவரைப் பேராசிரியராகத் திரும்ப அழைத்துக்கொண்டது.

அதே 1856-இல்தான், இறந்தோரின் நுரையீரலில் வளர்ந்திருந்த ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து விர்ச்சோ விரிவாக எழுதினார். எடின்பரோவில் ஜான் ஹியூஸ் பென்னெட் 1842-இலேயே காசநோயாளி ஒருவரின் நுரையீரலில் பூஞ்சையைக் கண்டிருந்தார். பூஞ்சை மனிதனின் உள்ளுறுப்பிலும் குடியேறும் என்பதற்கு விர்ச்சோவின் ஆய்வு வலுச் சேர்த்தது.

நண்பர்களே, ஆஸ்பர்ஜில்லஸ் நமக்குப் புதிதன்று. பூசணம் பிடித்த நிலக்கடலையில் காண்பதும் இவ்வினமே. இதன் வித்துகளை நாம் நாள்தோறும் சுவாசிக்கிறோம். உடல் நலமுள்ளவரை அவை பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. ஆனால் காசநோய் ஆறிய நுரையீரலில் குழி விழுந்திருந்தால், அங்கே தங்கிப் பந்துபோல் திரண்டு வளரக்கூடும். விடாத இருமல், உடல் மெலிவு, சளியில் இரத்தம் என எல்லாம் காசநோயைப் போலவே இருக்கும். எக்ஸ்ரே படத்தின் நிழலும் ஏமாற்றும். சளியில் காசநோய்க் கிருமி தென்படாதபோதும், மீண்டும் காசநோய் என்றே மருந்து கொடுக்கப்படுவதுண்டு. அம்மருந்து பூஞ்சையைக் கொல்லாது. அதற்கு இட்ராகொனசோல் போன்ற வேறு மருந்து வேண்டும். மாதங்கள் கழியும், நோயாளி தேய்வார். இப்பூஞ்சைக்கு எதிரான எதிர்ப்பொருளை இரத்தத்தில் காணும் சோதனை இன்று உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட கொடிய பூஞ்சைகளின் பட்டியலில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் முதல் வரிசையில் உள்ளது.

விர்ச்சோவிடம் குறையே இல்லையா? இருந்தது. காசநோயின் வெவ்வேறு தோற்றங்களை அவர் வெவ்வேறு நோய்கள் என்றே கருதினார். அவை அனைத்துக்கும் ஒரே கிருமிதான் காரணம் என்று 1882 மார்ச் 24 அன்று இராபர்ட் கோக் பெர்லினில் அறிவித்தபோதும் அவரது ஐயம் எளிதில் நீங்கவில்லை. தோற்றம் ஒன்றானாலும் நோய் வேறாகலாம். தோற்றம் வேறானாலும் நோய் ஒன்றாகலாம். முதல் உண்மைக்கு விர்ச்சோவின் நுண்ணோக்கியும் இரண்டாவதற்குக் கோக்கின் நுண்ணோக்கியும் சான்று.

பெர்லின் நகர மன்றத்திலும் பல்லாண்டுகள் பணியாற்றிய விர்ச்சோ, அந்நகருக்குக் கழிவுநீர்க் கால்வாய்கள் அமையப் பாடுபட்டார். 1902 செப்டம்பர் 5 அன்று மறைந்தார். இருமுகின்ற ஏழையின் சளியைச் சோதித்துப் பார்த்த பின்பே அவன் நோய்க்குப் பெயரிட வேண்டும். விர்ச்சோவின் வாழ்விலிருந்து நான் பெற்ற பாடம் இதுவே.