பத்திராசலம் இராமதாசர்

உடலைத் தளையிடலாம், உள்ளத்தைத் தளையிடல் ஆகுமோ? பிலிப்பி நகரச் சிறையில், தொழுமரத்திற் கால்கள் மாட்டப்பெற்றுக் கிடந்த பவுலும் சீலாவும் நள்ளிரவில் இறைவனைப் பாடித் துதித்தனர் என வேதம் உரைக்கின்றது. 1933-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் அங்கோலாச் சிறையிற் கைதிகளின் பாட்டுக்களை ஒலிப்பதிவு செய்யச் சென்ற லோமாக்ஸ் என்பாரும் அவர்தம் மைந்தரும், லெட்பெல்லி என்னும் கறுப்பின இசைவாணரை ஆண்டுக் கண்டனர். நம் நாட்டிலும் சிறையிருந்து பாடிய பெரியார் ஒருவர் உளர். சேலம், நாமக்கல் சமவெளியூர்களில் பசனை கேட்டோர்க்கு அவர் பெயர் புதியதன்று. அவரே பத்திராசலம் இராமதாசர்.

இவரது இயற்பெயர் கஞ்சர்ல கோபண்ணா என்பது. 17-ஆம் நூற்றாண்டில், இற்றைத் தெலுங்கானா நாட்டைச் சார்ந்த நேலகொண்டபள்ளி என்னும் ஊரிற் பிறந்தார். அக்காலத்துக் கோல்கொண்டாவை ஆண்டவன் தானாஷா எனப்படும் அபுல் ஹசன் குதுப்ஷா. அவனுடைய அமைச்சராய் விளங்கிய அக்கண்ணா, மாதண்ணா என்போர் கோபண்ணாவின் மாமன்மார் என்ப. அவர்தம் துணையால், கோதாவரிக் கரையிலுள்ள பத்திராசலத்தை உள்ளிட்ட பகுதிக்குக் கோபண்ணா தாசில்தார் ஆயினார்.

ஆண்டு இராமபிரான் திருவுருவம் தக்க கோயிலின்றி இருத்தல் கண்டு அவர் உள்ளம் நைந்தது. குடிகளிடம் தண்டிய வரிப்பணத்தை எடுத்துக் கோயில் எழுப்பினார், அணிகலன்களும் செய்வித்தார். அத்தொகை 6 லட்சம் வராகன் என மரபு கூறும். அரசன் கணக்குக் கேட்டான், பொருள் இல்லை. கோல்கொண்டாக் கோட்டையில் இருண்டதொரு கல்லறையில் அவர் அடைக்கப்பெற்றார்.

குதிரை வாங்கப் பாண்டியன் தந்த பொன்னைத் திருப்பெருந்துறையிற் கோயிற் பணிக்குச் செலவிட்டு ஒறுப்புண்ட வாதவூரர் வரலாறு தமிழ் பயில்வார்க்கு ஈண்டு நினைவிற்கு வரும். இருவர் செயலும் அன்பின் செயலே. எனினும் ஒன்றை மறைத்தல் அறமாகாது. அரசிறை என்பது குடிகள் வியர்வையின் விளைவு. அதனைக் காக்க அமர்ந்தவன் தன் விருப்பம்போற் செலவிடல் முறையன்று. அரசன் கணக்குக் கேட்டதைக் கொடுமை என ஒரேயடியாக இகழ்தல் ஒண்ணாது. இராமதாசர் குற்றமே அறியாது சிறை புக்கவர் அல்லர். அவர் பாட்டுக்களின் உயிர் இங்கேதான் உளது.

ஏறத்தாழப் 12 ஆண்டு அவர் சிறையில் வாடினார் என்பர். அக்காலத்தே எளிய தெலுங்கிற் பல கீர்த்தனங்கள் பாடினார். சிலவற்றில் இராமனை இரந்து நிற்பார். சிலவற்றிற் சீதாபிராட்டியை நோக்கித் தமக்காக நாயகனிடம் பரிந்துரைக்க வேண்டுவார். ஒரு கீர்த்தனத்திலோ வரிக்கணக்கு எழுதிய கை தன் தொழிலை மறவாதது போல, எந்த அணிக்கு எவ்வளவு பொன் சென்றது என ஒவ்வொன்றாய் எண்ணி இறைவனிடமே கணக்கு ஒப்புவிப்பார், வெகுண்டு ஏசுவார், பின்னர் அடிபட்ட நோவினால் ஏசினேன் எனப் பொறுத்தருள வேண்டுவார். அரசன்முன் சொல்லமாட்டாத கணக்கை ஆண்டவன்முன் சொல்லிய அவ்வுண்மையே கேட்போர் நெஞ்சை உருக்குகின்றது.

இராமலக்குமணர் இளைஞர் வடிவில் இரவில் வந்து பொன்னைக் கொட்டி அவரை மீட்டனர் என்பது அடியார் நம்பிக்கை. அவர் விடுதலை பெற்றார். ஆனால் அந்நாடு நெடிது வாழவில்லை. 1687-இல் ஔரங்கசீப் கோல்கொண்டாவைக் கைப்பற்றினான். இராமதாசரைச் சிறையிட்ட தானாஷா, தௌலதாபாத்துக் கோட்டையிற் சிறைப்பட்டு அங்கேயே மாண்டான். காலத்தின் கோலத்தை என்னென்பது!

கீர்த்தனங்களோ மதிலைக் கடந்தன. திருவையாற்றுத் தியாகராசர் (1767–1847) இராமதாசர் தளை நீங்கியதைத் தம் பாட்டிற் போற்றினார். தமிழ்நாட்டுப் பசனை முறையில் அவர்தம் கீர்த்தனங்கள் நிலையான இடம் பெற்றன. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்கும் நம் சமவெளியூர்களில் மொழி அவற்றிற்குத் தடையாகவில்லை. கோல்கொண்டாச் சிறைச்சுவரில் அவர் செதுக்கியனவாகக் கூறப்படும் இராமன், இலக்குமணன், அனுமன் உருவங்களை இன்றும் காணலாம். நாமக்கல்லில் விண்ணோங்கி நிற்கும் அனுமனைக் கண்டு பழகிய கண்கள், இருளில் ஒரு கைதி கீறிய அச்சிற்றுருவைக் காணின் நீர் மல்காதிருக்குமோ?

பிழை செய்தார்க்கும் பாட்டு உண்டு. பிழையை ஒளிக்காத பாட்டே நெடிது வாழும். சிறைவாயிலைக் கடந்து செல்வோர், உள்ளே அடைபட்டோர் குற்றத்தை மட்டும் எண்ணாது, அவர்தம் குரலுக்கும் சிறிது செவி கொடுப்பாராக.