ஜே. பி. எஸ். ஹால்டேன்: உடலும் உரிமையும்

அறிவியலின் துணையால் மக்களின் உடலையும் உள்ளத்தையும் மேம்படுத்தல் கூடும் என்பது இக்காலத்தார் பலர்க்கும் உடன்பாடாகும். ஆயின், அம்மேம்பாட்டினை யார் யார்க்குச் செய்வது, ஒருவன் விரும்பாதவிடத்தும் அரசு அதனைச் செய்விக்கலாமோ என்னும் வினாக்கள் இன்னும் தீர்ந்தபாடில்லை. இவ்வினாக்களை நெடுங்காலம் ஆராய்ந்து, ஆராய்ச்சியால் வரும் துன்பத்தைத் தம் உடலிலேயே ஏற்ற பேரறிஞர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம். அவரே, பிரிட்டானியராய்ப் பிறந்து இந்தியராய் மறைந்த ஹால்டேன்.

இவர் 1892ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 5ஆம் நாள் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். தந்தையார் ஜான் ஸ்காட் ஹால்டேன் உடலியலில் வல்லவர். சுரங்கங்களில் தொழிலாளரைக் கொல்லும் நச்சுக் காற்றுகளின் இயல்பை ஆராய்ந்தவர். கடலுள் மூழ்குவோர் எத்துணை மெதுவாக மேலேறுதல் வேண்டும் என்பதற்கு 1908இல் கணக்கு வகுத்தளித்தவர். அவர் தம் உடலையே சோதனைக் களமாக்கிக்கொண்டார். இளமை தொட்டே மைந்தரையும் உடன் அழைத்துச் சென்றார். பிறர்க்கு ஊறு வருமென ஐயுறும் செயலைத் தானே முதலில் ஏற்றல் வேண்டும் என்னும் அறம் இவ்வாறு மைந்தர்பால் வேரூன்றியது.

ஈட்டனிலும் ஆக்ஸ்போர்டிலும் கணிதமும் கிரேக்க, இலத்தீன் நூல்களும் கற்ற இவர், அறிவியலில் பட்டம் பெற்றாரல்லர். எனினும் முதல் உலகப் போரில் படைத்தொழில் புரிந்து மீண்டபின், கேம்பிரிட்ஜில் உயிர்வேதியியல் கற்பித்தார். இயற்கைத் தேர்வினைக் கணித நெறியில் நிறுவி, உலகப் புகழ் எய்தினார்.

1923இல் கேம்பிரிட்ஜில் இவர் நிகழ்த்திய டீடலஸ் என்னும் சொற்பொழிவு பெரும் பரபரப்பை விளைத்தது. தாயின் கருப்பைக்குப் புறத்தே குழவியை வளர்க்கும் காலம் வரும் என்றும், உயிரியலின் புத்தாக்கம் ஒவ்வொன்றும் முதலில் அருவருப்பாகத் தோன்றிப் பின்னர் வழக்கமாகிவிடும் என்றும் அதன்கண் உரைத்தார். பெர்ட்ரண்டு ரஸ்ஸல் 1924இல் இகாரஸ் என்னும் நூலால் மறுப்புரைத்தார். அறிவியல் ஆள்வோரின் கைக்கருவியாகி மக்களை வருத்தும் என்பது அவர் அச்சம். கருப்பைக்குப் புறத்தே கருவுற்ற முதற் குழவி 1978இல் இங்கிலாந்தில் பிறந்தபோது ஹால்டேனின் கனவில் ஒரு பகுதி மெய்யாயிற்று. ரஸ்ஸலின் அச்சமோ அதற்கு நெடுநாள் முன்னரே மெய்யாகிவிட்டது.

அஃது எவ்வாறெனின், குடிமரபைத் தூய்மை செய்தல் என்னும் பெயரால், குறையுடையோர் எனத் தாம் கருதியோரைக் கட்டாயமாக மலடாக்கும் சட்டத்தை அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் 1907இல் இயற்றியது. ஜெர்மனி 1933இல் இயற்றியது. 1938இல் வெளியிட்ட மரபும் அரசியலும் பற்றிய நூலில் ஹால்டேன் இக்கொள்கையை வன்மையாக எதிர்த்தார். அவர் படைக்கலம் கணிதமே. மறைந்து நிற்கும் குறையொன்று 10,000 பேரில் ஒருவரிடம் வெளிப்படுமாயின், அதனைத் தம்முள் கரந்து சுமப்போர் ஏறக்குறைய 50 பேரில் ஒருவர். வெளிப்பட்டோர் அனைவரையும் தலைமுறைதோறும் மலடாக்கினும், அக்குறையின் வித்துப் பாதியாகக் குறைதற்கு 100 தலைமுறைகள், அஃதாவது 2,500 ஆண்டுகள் வேண்டும். பயனோ சிறிது, பறிபோகும் உரிமையோ பெரிது.

1939 ஜூன் திங்களில் தீட்டிஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் மாண்டனர். காரணம் ஆராயுமாறு தொழிற்சங்கத்தார் ஹால்டேனை வேண்டினர். அவர் அடைத்த அறையினுள் தாமே புகுந்து, கெட்ட காற்றினையும் மிகுந்த அழுத்தத்தையும் தாங்கினார். உடன் வந்தோர் அனைவரும் இடர் இன்னதென அறிந்து, தம் விருப்பத்தால் வந்தவரே. இத்தகைய சோதனைகளில் அவருக்கு வலிப்புக் கண்டது; முதுகெலும்பு ஊறுபட்டது.

இத்துணைச் சிறந்தார்க்கும் ஒரு மாசு உண்டு. 1942இல் பொதுவுடைமைக் கட்சியிற் சேர்ந்த இவர், சோவியத்து நாட்டில் லைசென்கோ என்பார் அரசின் துணையால் மரபியலை ஒடுக்கியபோது வெளிப்படக் கண்டிக்கத் தயங்கினார். தம்மை 1928இல் அந்நாட்டிற்கு அழைத்துப் போற்றிய வாவிலோவ் 1943இல் சிறையில் மடிந்தார். ஒரு நாட்டின் கொடுமையை எதிர்த்தவர் மற்றொரு நாட்டின் கொடுமைக்கு வாளாவிருந்தது நாம் மறத்தற்குரியதன்று. பின்னர் அவர் அக்கட்சியினின்றும் விலகினார்.

1957இல் கல்கத்தா புள்ளியியல் கழகத்திற்கு வந்தார். இந்தியக் குடியுரிமையும் பெற்றார். ஆராய்ச்சியாளர்க்கு உரிமை குன்றுமிடத்து அவரால் தங்க இயலவில்லை. 1961இல் அதனை விட்டு நீங்கி, அடுத்த ஆண்டு புவனேசுவரத்தில் ஆய்வகம் அமைத்தார். 1964 டிசம்பர் முதல் நாள் புற்றுநோயால் மறைந்தார். தம் உடலைக் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு எழுதிவைத்தமையால், இறந்தபின்னும் மாணாக்கர்க்குப் பாடமாயினார்.

அவர் அஞ்சிய கட்டாயம் நம் நாட்டையும் விட்டுவைக்கவில்லை. நெருக்கடி நிலையின்போது, 1976-77ஆம் ஆண்டில் மட்டும், 80 லட்சத்திற்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நிகழ்ந்தன. அவற்றுள் வற்புறுத்தலால் நிகழ்ந்தவை பல. 2018இல் சீனத்து அறிஞர் ஒருவர், கருவிலேயே மரபணுவைத் திருத்திய இரட்டைக் குழவியர் பிறந்தமையை அறிவித்தார். அக்குழவியரை இசைவு கேட்பார் எவருமிலர்.

எம்.கே.பி. நகரிலும் இராயபுரத்திலும் எண்ணூரிலும் வாழும் நமக்கு இவ்வாராய்ச்சி தொலைவிலுள்ளதன்று. உறக்கத்தை ஒழிக்கும் மருந்தொன்று நாளை தோன்றுமாயின், அதனை உண்பதும் விடுவதும் அவரவர் உரிமையென உரைப்பார் உளர். துறைமுகத்து இரவுவேலையில் ஒருவன் உண்டு இருமடங்கு உழைப்பானாயின், உண்ணாத ஒப்பந்தக் கூலியாளுக்கு நாளை வேலை உண்டோ? பசியால் தரும் இசைவினை முழு இசைவென்று கொள்ளல் எங்ஙனம்? அரசின் கோலேயன்றி வறுமையின் கோலும் கட்டாயமே. தொழிலுக்கேற்ப மனிதனை மாற்றுவதினும், மனிதனுக்கேற்பத் தொழிலை மாற்றுவதே முற்பட வேண்டுவது. சுரங்கத்தின் காற்றினைத் திருத்த முயன்ற தந்தையாரும், கப்பலின் காற்றினைத் தாம் நுகர்ந்து அறிந்த மைந்தரும் காட்டிய நெறி இதுவே.

மாணவ நண்பர்காள்! நுங்களுட் சிலர் மருத்துவராவீர். சிலர் தொழிற்சாலைகளை நடத்துவீர். சிலர் சட்டம் இயற்றுவீர். பிறர் உடல்மேல் ஒன்றைச் செய்ய நேருங்கால், இதனை நம்மேல் ஏற்போமோ என்றும், மறுக்கும் வலிமை அவர்க்கு உண்டோ என்றும் வினவுவீராக. அவ்விரு வினாவும் நும்மிடம் தங்குமாயின் ஹால்டேன் பட்ட பாடு வீண்போகாது.