வாட்டர்லூக் களத்தைச் சமைத்த வில்லியம் சைபோர்ன்

போர்க்களத்தில் வாளேந்தி வெற்றிமாலை சூடியோரை உலகம் எளிதில் மறப்பதில்லை. அவர்தம் பெயர்களைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆயின், ஒரு பெரும்போரில் தாம் கலந்துகொள்ளாமலே, அப்போர் நிகழ்ந்தவாற்றைப் பிற்காலத்தார் கண்ணாரக் காணுமாறு செய்தற்பொருட்டுத் தம் வாழ்நாளையும் கைப்பொருளையும் ஒருங்கே செலவிட்டார் ஒருவர் உளர். அவரே வில்லியம் சைபோர்ன் என்னும் ஆங்கிலப் படைவீரர். வாட்டர்லூப் போர்க்களத்தைச் சிறு பதுமைகளால் அமைத்துக் காட்டிய பெருமை அவருக்கே உரியது. அவர் வரலாறு போர்த்தொழில் பயில்வார்க்கு மட்டுமேயன்றி, உண்மையை நாடிக் கற்கும் மாணாக்கர் யாவர்க்கும் பயன்படுவதொன்றாம்.

சைபோர்ன் 1797-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களிற் பிறந்தார். அவர் தந்தையார் பெஞ்சமின், ஒன்பதாம் காலாட்படையிற் காப்டன் பதவி வகித்தவர். நெப்போலியன் காலத்துப் போரொன்றிற் காயமுற்றவர். மைந்தரும் அரசாங்கப் படைக்கல்லூரியிற் பயின்று, 1813-இல் தந்தையார் இருந்த படையிலேயே சேர்ந்தார். வாட்டர்லூப் போர் நிகழ்ந்த காலத்து அவர் ஆண்டு பதினெட்டு நிரம்பாத இளைஞர். போர் முடிந்த பின்னரே பிரான்ஸ் தேசத்திலிருந்த ஆங்கிலப் படையோடு அவர் சென்று கூடினார். ஆதலின் அக்களத்தின் புகையையும் முழக்கத்தையும் அவர் நேரில் அறிந்தாரல்லர்.

அவருக்கு வாய்த்திருந்த திறமை வேறு. நிலத்தை அளந்து, அதன் மேடு பள்ளங்களைத் தாளில் வரைந்து காட்டும் கலையில் அவர் வல்லவர். அக்கலையைப் பற்றி 1822-இலும் 1827-இலும் இரு நூல்கள் வெளியிட்டார். 1826 முதல் அயர்லாந்துப் படைத்தலைவரின் உதவிச் செயலாளராகப் பணியாற்றி வந்தார்.

நிற்க. வாட்டர்லூப் போர் இன்னதென்பதை ஈண்டுச் சுருங்கக் கூறுதல் வேண்டும். இப்போது பெல்ஜியம் எனப்படும் நாட்டில், பிரஸ்ஸல்ஸ் நகருக்குத் தெற்கே, 1815-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை அது நிகழ்ந்தது. ஒருபுறம் நெப்போலியன், மறுபுறம் வெல்லிங்டன் பிரபு. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானை எதிர்த்த படையில் ஆர்தர் வெல்லெஸ்லி என்னும் பெயரோடு இருந்தவர் இவரே. வெல்லிங்டனுக்குத் துணையாகப் பிரஷிய நாட்டுத் தளபதி புளூக்கர் பிற்பகலில் வந்து சேர்ந்தார். மாலையில் நெப்போலியன் தம் மெய்காவற் படையை ஏவினார், அப்படை முறிந்தது, அத்துடன் அவர் ஆட்சியும் முறிந்தது.

1830-இல், ஆங்கிலப் படைகளின் பெருந்தலைவராயிருந்த ஹில் பிரபு, இப்போரின் மாதிரி ஒன்றை அமைக்குமாறு சைபோர்னைப் பணித்தார். அவர் உடனே களத்துக்குச் சென்றார். போரின்போது கடும் சண்டை நிகழ்ந்த லா ஹே சேன்ட் என்னும் பண்ணை வீட்டிலேயே எட்டு மாதங்கள் தங்கி, நிலம் முழுவதையும் அளந்தார். அஃது எளிய செயலன்று. என்னை? போரின் நினைவாக 1826-இல் அங்கே ஒரு சிங்க உருவம் நாட்டப்பெற்றிருந்தது. அதனைத் தாங்கும் பெரிய மண்குன்றை எழுப்புதற்கு வெல்லிங்டன் படைநிறுத்திய மேட்டிலிருந்தே மண்ணை வெட்டியெடுத்து விட்டனர். வெற்றியைப் போற்ற எழுந்த சின்னமே வெற்றி விளைந்த நிலத்தின் உருவைக் கெடுத்தது. ஆதலின் சைபோர்ன், உள்ள நிலத்தை அளந்ததோடு, இல்லாதுபோன நிலத்தையும் ஆராய்ந்தறிய வேண்டியவரானார்.

நிலத்தை அளந்தாயிற்று; அதன்மேல் நின்ற மனிதரை எங்ஙனம் அளப்பது? இங்கேதான் அவர் புதியதொரு வழி கண்டார். போரிற் கலந்து உயிரோடிருந்த அதிகாரிகளுக்கெல்லாம் சுற்றுக் கடிதம் விடுத்தார். மாலை ஏறத்தாழ ஏழு மணிக்கு உம்முடைய படை எவ்விடத்தில் எவ்வகையாக அணிவகுத்து நின்றது, எதிரில் நின்ற பகைவர் எவ்வாறிருந்தனர் என்றெல்லாம் வினவினார். களத்திலிருந்த பயிர் விளைவையும் கேட்டறிந்தார். விடைக் கடிதங்கள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தன. ஒருவர் கூற்று மற்றவர் கூற்றோடு மாறுபட்டவிடத்து, இரண்டையும் ஒப்புநோக்கி உண்மையைத் துணிந்தார். ஒரு பெரும்போரைப் பற்றிப் படைத்தலைவர் ஒருவரின் அறிக்கையையே சான்றாகக் கொள்ளாது, களத்தில் நின்ற பலரையும் வினவித் தொகுத்தது அக்காலத்தில் அரிய செயல். ஆயினும் அவர் வினவியது அதிகாரிகளையே. துப்பாக்கி தாங்கி நின்ற எளிய சிப்பாய்களை அவர் வினவிற்றிலர். இக்குறையையும் நாம் கருதுதல் நேரிது.

வேலை நடந்துகொண்டிருக்கையில் இடையூறு நேர்ந்தது. 1833-இல் அரசாங்கம் இதற்கு மேலும் பொருளுதவ மறுத்துவிட்டது. பிறர் ஆயின் அத்துடன் நிறுத்தியிருப்பர். சைபோர்ன் நிறுத்தினாரல்லர். பதவியின் கடமைகளைச் செய்துகொண்டே, கடன் வாங்கியும் கைப்பொருளைச் செலவிட்டும் 1838-இல் மாதிரியை முடித்தார். அதற்கான செலவு ஏறத்தாழ 3,000 பவுன் என்பர்.

அம்மாதிரியின் அமைப்பை நோக்குவோம். ஒரு மைல் நிலத்துக்கு ஒன்பது அடி என்னும் அளவில் தரை அமைக்கப்பட்டது. ஒவ்வொரு பக்கமும் பதினெட்டு அடிக்குக் குறையாதது. அதன்மேல் நின்ற உலோகப் பதுமைகள் 70,000-க்கு மேற்பட்டவை. தரையின் அளவுப்படி கணக்கிட்டால் ஓராள் மூன்று மில்லிமீட்டர் உயரமே இருத்தல் வேண்டும். அவ்வளவு சிறிதாயின் காலாளுக்கும் குதிரை வீரனுக்கும் வேற்றுமை தெரியாது. ஆகவே ஒவ்வொரு பதுமையையும் பத்து மில்லிமீட்டர் அளவாக்கி, ஒரு பதுமை இரண்டு வீரரைக் குறிக்குமாறு வகுத்தார்.

அதனினும் வியக்கத்தக்கது அவர் தேர்ந்தெடுத்த நேரமாகும். கதை சொல்வோன் தொடக்கம் முதல் முடிவுவரை சொல்லிச் செல்லலாம். மாதிரி அமைப்போனுக்கோ ஒரு கணமே உரியது. அந்த ஒரு கணத்தில் முன்னிகழ்ந்ததும் பின்னிகழ்வதும் விளங்குதல் வேண்டும். சைபோர்ன் மெய்காவற் படை மேட்டின்மேல் ஏறும் வேளையைத் தெரிந்துகொண்டார். அப்போது ஊகுமோன் மாளிகை தீப்பட்டு அழிந்தும் ஆங்கிலர் கையிலேயே இருந்தது. லா ஹே சேன்ட் பிரெஞ்சுக்காரர் வசமாகிவிட்டது. பிளான்சன்வா என்னும் சிற்றூரிற் பிரஷியர் போர் செய்துகொண்டிருந்தனர். இவற்றை நோக்குவோன், காலை முதல் நடந்தவற்றையும், இன்னும் சிறிது நேரத்தில் நடக்கப்போவதையும் தானே உணர்ந்துகொள்வான்.

ஆனால் அந்தக் கணமே அவருக்குப் பெருந்துன்பம் விளைத்தது. தாம் திரட்டிய சான்றுகளின்படி சைபோர்ன் பிரஷியப் படையைப் பெருந்தொகையாகக் களத்தில் நிறுத்தினார். வெல்லிங்டன் பிரபு இதனை ஏற்கவில்லை. அந்நேரத்தில் பிரஷியர் அத்துணை முன்னேறியிருக்கவில்லை என்பதும், மாதிரி அவ்வாறிருப்பின் வெற்றிக்கு அவரே காரணர் எனக் காண்போர் கருதுவர் என்பதும் அவர் தரப்பின் தடை. ஒருபுறம் நாடு முழுதும் போற்றும் பெருவீரர். மறுபுறம் பதவி உயர்வுக்கும் பொருளுதவிக்கும் மேலோரை எதிர்பார்த்து நின்ற சிறிய அதிகாரி. 1838-இல் லண்டன் மாநகரில் எகிப்திய மண்டபத்தில் மாதிரி காட்சிக்கு வைக்கப்பட்டபோது பிரஷியர் அதில் இருந்தனர். ஆளுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்து ஏறத்தாழ 1,00,000 பேர் கண்டு சென்றனர். ஆயினும் சைபோர்னின் கடன் தீரவில்லை. பின்னர் அவர் பிரஷியப் பதுமைகளிற் பலவற்றைக் களத்தினின்றும் அகற்றிவிட்டார். மேலோரின் நெருக்கத்துக்கு இணங்கினார் என்பர் சிலர். சான்றுகளை மீண்டும் ஆராய்ந்து திருத்தினார் என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், 1844-இல் அவர் இரண்டு பாகங்களாக வெளியிட்ட போர் வரலாற்று நூலிற் பிரஷியரின் போரை விரிவாகவே எழுதினார். களத்தினின்றும் எடுக்கப்பட்டோர் ஏட்டில் நின்றனர்.

அவர் ஊக்கம் தளரவில்லை. நண்பகலுக்குப் பின் ஆங்கிலக் குதிரைப்படை பாய்ந்த நிகழ்ச்சியைக் காட்டும் இரண்டாவது மாதிரியையும் செய்து முடித்தார். அது சிறிய நிலப்பரப்பைப் பெரிய அளவிற் காட்டுவது. 1843 முதல் செல்சியில் படைவீரர் பிள்ளைகளுக்கென இருந்த விடுதியிற் பணிபுரிந்து, 1849 ஜனவரியில், ஐம்பத்தோராம் வயதில் உயிர்நீத்தார். செலவிட்ட பொருள் திரும்புவதைக் காண அவர் இருந்திலர். அவர் இறந்தபின்னரே முதல் மாதிரி நன்கொடைப் பொருளால் வாங்கிக் காக்கப்பட்டது. அஃது இன்று லண்டனிலுள்ள தேசியப் படை அருங்காட்சியகத்திலும், இரண்டாவது லீட்ஸ் நகரிலுள்ள அரசாங்கப் படைக்கலக் காட்சிச்சாலையிலும் உள்ளன. அவர் மைந்தர் 1891-இல் அக்கடிதங்களிற் பலவற்றைத் தொகுத்து நூலாக்கினார். மூலக் கடிதங்கள் பிரிட்டிஷ் நூலகத்திற் பேணப்படுகின்றன. வாட்டர்லூவைப் பற்றி எழுதப் புகுவோர் இன்றும் அவற்றை நாடாதிருத்தல் அரிது.

மாணவ நண்பர்களே! விரலிற் சிறிய பதுமை ஒன்றை ஓரிடத்தில் நிறுத்துவது விளையாட்டுப் போலத் தோன்றும். ஆனால் அதனை ஏன் அவ்விடத்தில் நிறுத்தினாய் என்று எவரேனும் வினவினால், விடை கூறச் சான்று வேண்டும். அவ்விடையிற் பெரியோரே முரண்படின், அஞ்சாமை வேண்டும். சைபோர்ன் முதலதைக் குறைவற உடையவராயிருந்தார். இரண்டாவதற்கு அவர் தந்த விலையை அவர் வாழ்க்கை காட்டுகின்றது. நாமும் ஒரு பாட்டின் காலத்தையோ, ஓர் அரசன் ஆண்ட எல்லையையோ வரையறுக்கப் புகும்போது, அவ்வாறே ஒரு பதுமையைக் களத்தில் நிறுத்துகின்றோம். அதனைச் சான்று காட்டும் இடத்தில் நிறுத்துவதும், வேறொருவர் மனம் கோணாமைக்காக இடம் பெயர்க்காதிருப்பதும் கல்வியின் கடமையன்றோ?